ஒரே ஃபைலில் தாத்தாவும் பேரனும்

பெரம்பலூரில் நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் என்னைக் ‘குட்டி சார்’ என்பார்கள். ஆள் ஒன்றும் குட்டையில்லை. துறை அறையின் நிலையில் அடிக்கடி தலையை இடித்துக்கொள்கிற உயரம்தான். அந்தப் பெயர் வந்தது நான் தூக்கிவைத்துக் கொண்டாடும் ஒரு குட்டி டேட்டாபேஸால். லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகைக் கணினிகளில் ஓசைப்படாமல் ஓடும் சின்ன எஸ்.க்யூ.எல். எஞ்சின் அது. தகவலைப் போட்டு வைக்கலாம், கேட்டால் தேடி எடுத்துக் கொடுக்கும். பெரிய டேட்டாபேஸ் என்றால் தனி சர்வர் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஏசி அறை வேண்டும். என்னுடையதற்கு ஒன்றும் வேண்டாம். மொத்தச் சரக்கும் ஒரே ஒரு ஃபைல். பென் டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரலாம். நான் போயிருக்கிறேன்.

எங்கள் துறைத் தலைவருக்குப் பெரிய சர்வர்களின் மீதுதான் மரியாதை. “கருவேப்பிலை வாங்க டிப்பர் லாரி எடுத்துட்டுப் போவீங்களா சார்?” என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே தினமும் ஸ்கூட்டர் ஓட்டி வருகிறவர் அவர். டிப்பர் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. அன்று முழுக்க நான் ஏதோ பெரிய வாதத்தில் ஜெயித்தவனைப் போல நடமாடினேன். மாணவர்கள் எனக்குப் பட்டப்பெயர் வைத்ததும் அதே வாரம்தான் என்பது பிற்பாடு தெரிந்தது.

எனக்குச் சொந்த ஊர் ஆண்டிமடம் தாலுகாவில், வரதராசன்பேட்டைப் பக்கம். மனைவியும் மகனும் அங்கே அப்பா அம்மாவோடுதான் இருக்கிறார்கள், நான் சனி ஞாயிறு போய்வருவேன். கோயில், பள்ளிக்கூடம், முந்திரிக்காடு, இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிற ஊர். கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயில். அப்பா அங்கே நடுநிலைப்பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு பூசையில் வாசகம் படிப்பவரும் அவரே. இரண்டு வருடமாகப் படிப்பதில்லை. கண்ணில் புரை. எழுத்தெல்லாம் பால் ஊற்றினாற்போல் தெரிகிறது என்பார். ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்துவிடும். “அதோ, அந்தக் கரண்ட் கம்பத்துல காக்கா உக்காந்திருக்கு பாரு” என்பார். கம்பம் இருக்கும், காக்கா இருக்காது.

அம்மா சொல்லிப் பார்த்தாள். நான் திருச்சிக்குக் கூட்டிப் போகிறேன் என்று எத்தனையோ தடவை கார் பிடித்தேன். ஒவ்வொரு தடவையும் அவருக்கு வயிறு சரியில்லாமல் போனது. ஒரு கண்ணில் புரை முற்றிவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டால் பிறகு ஆபரேஷன் செய்தும் பயனிருக்காது என்று ஜெயங்கொண்டத்தில் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா அதை என்னிடம் சொல்லவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

இந்த நிலையில்தான் பங்குத் தந்தை ஊரில் இலவசக் கண் முகாம் ஏற்பாடு செய்தார். இரண்டு ஞாயிறு பரிசோதனை. புரை உள்ளவர்களை அதற்கடுத்த சனிக்கிழமை ஆஸ்பத்திரி பஸ்ஸில் திருச்சிக்கு அழைத்துப் போய், ஆபரேஷன் முடித்து, மறுநாள் கொண்டுவந்து விடுவார்கள். பெயர் பதிவு செய்வது யார் என்ற பேச்சு வந்ததும் நான் கையைத் தூக்கினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். போன முகாமில் நோட்டில் எழுதி, அதை மூன்று பேர் மூன்று விதமாகப் பிரதி எடுத்து, ஒரே கிழவியை இரண்டு முறை பஸ்ஸில் ஏற்றப் பார்த்த கதையைப் பங்குத் தந்தை சொன்னார். நான் அதைக் கேட்டுத் தாடையைத் தடவிக்கொண்டேன்.

“சாமி, இதுக்கெல்லாம் நம்மகிட்ட மருந்து இருக்கு. ஒரே ஃபைல்தான்” என்றேன்.

“ஃபைல்ல போடறதுதானேப்பா அப்பவும் பண்ணோம்” என்றார் அவர்.

அது வேறு ஃபைல், இது வேறு ஃபைல் என்று விளக்கினேன். அவர் பொறுமைசாலி. கடைசிவரை கேட்டார்.

பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, என் குட்டி எஞ்சினை ஏற்றி, பதிவு செய்ய ஒரு திரையும் எழுதினேன். ஒரே ஆள் இரண்டு முறை பதியக் கூடாது, அதுதான் முக்கியம். எங்கள் ஊர்க்காரர்கள் ஒருமுறை பெயர் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று சாயங்காலம் மறுபடியும் வரிசையில் நிற்பார்கள். ஆகவே, ஆளை அடையாளம் காண நான்கு விஷயங்களைச் சேர்த்து ஒரு சாவி செய்தேன்: இனிஷியலோடு பெயர், ஊர், கதவு எண், போன் நம்பர். இந்த நான்கும் ஒத்துப்போனால் அது அதே ஆள்தான். பழைய பதிவைத் தூக்கிவிட்டுப் புதியதை வை என்று எஞ்சினுக்கு ஒரு வரியில் கட்டளை. வயதை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். எங்கள் பக்கம் வயதைக் கேட்டால் காலையில் ஒன்று வரும், மதியம் ஒன்று வரும். அதை நம்பி எந்தச் சாவியும் செய்ய முடியாது என்று நினைத்தபோது என் முன்யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

பதிவு மாறினால் ஓர் எச்சரிக்கை காட்டலாமா என்ற யோசனையும் வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். யூனிக்ஸில் அது மரபு. காரியம் ஒழுங்காக நடந்தால் வாயைத் திறக்கக் கூடாது. இந்த மரபைப் பற்றி நான் வகுப்பில் ஒரு மணி நேரம் வாய் ஓயாமல் பேசுவேன்.

பதிவு செய்ய இளைஞர் மன்றத்துப் பெண்கள் வந்தார்கள். நர்சிங் படிக்கிற ஒரு பெண்தான் அவர்களுக்குத் தலைவி. கூட்டம் போட்டு அவர்களுக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். நோட்டு, துண்டுச் சீட்டு எதுவும் கூடாது. சிஸ்டத்தில் இல்லாதவர் பஸ்ஸில் இல்லை. “யாரு வந்து சிபாரிசு பண்ணாலும் கேக்காதீங்க. நானே வந்து சொன்னாலும் கேக்காதீங்க” என்று முடித்தேன். பெண்கள் கை தட்டினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்பாவும் அந்தக் கூட்டத்துக்கு வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அவராகவே கேட்டார்.

“இது பூரா நீ எழுதுனதாடா?”

“ஆமாப்பா.”

“தப்பு வராதா?”

“வராதுப்பா.”

கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு, “சரி, அப்ப என் பேரையும் போட்டுடு” என்றார். இரண்டு வருடக் கெஞ்சல், அழுகை, கார் வாடகை எதனாலும் நடக்காதது என் புரோகிராமால் நடந்துவிட்டது. அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

முதல் ஞாயிறு அப்பாவின் பெயரைப் பதிந்து, கண்ணைச் சோதித்து, வலது கண் ஆபரேஷன் என்று முடிவானது. அந்த வாரம் முழுக்க அவர் கோயில் முக்கு டீக்கடையில் என் எஞ்சினைப் பற்றிப் பேசியதாகக் கேள்வி. பெரிய பெரிய கம்பெனிக்காரனெல்லாம் கோடிக்கணக்கில் செலவு பண்ணுவதை என் மகன் ஒரே ஃபைலில் முடித்துவிட்டான் என்றாராம். அந்த எஞ்சினை எழுதியவன் நானில்லை, நான் அதை உபயோகிப்பவன் மட்டும்தான் என்று அவரிடம் திருத்திச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. கிடைத்தபோதும் சொல்லவில்லை.

இரண்டாவது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு. என் மகன் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் மடிக்கணினிக்குப் பக்கத்தில் நின்று யாருக்கோ ஏதோ விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் என் மனைவி அவனை வரிசையில் நிறுத்தினாள். அவனுக்குக் கண்ணாடி மட்டும் போதும் என்று எழுதினார்கள். பதிவாகிவிட்டது என்று திரையில் பச்சை டிக் விழுந்தது. எஞ்சின் வாயைத் திறக்கவில்லை.

இங்கே எங்கள் குடும்பப் பெயர் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். எனக்கு வைத்திருப்பது என் அப்பாவின் அப்பா பெயர். என் மகனுக்கு வைத்திருப்பது என் அப்பாவின் பெயர். தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர் என்பது எங்கள் பக்கம் கேள்விமுறையில்லாத வழக்கம். ஆகவே என் அப்பாவுக்கு இனிஷியல், அவருடைய அப்பா பெயரின் முதல் எழுத்து. என் மகனுக்கு இனிஷியல், என் பெயரின் முதல் எழுத்து. இரண்டும் ஒரே பெயர், ஒரே எழுத்து. தாத்தாவும் பேரனும் இனிஷியல் உட்பட ஒரே ஆள். ஊர் ஒன்று, கதவு எண் ஒன்று. போன் நம்பர்? இருவருக்கும் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம்.

இதை நான் எப்படி மறந்தேன் என்று கேட்கலாம். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை. மாமனார் பெயரை என் மனைவி வாயால் சொல்ல மாட்டாள். அப்பா பெயரை அதட்டிக் கூப்பிட எனக்கும் நாக்கு வராது. பிறந்ததிலிருந்து அவன் ‘தம்பி’தான். பள்ளிக்கூட அட்டென்டன்ஸைத் தவிர அந்தப் பெயருக்கு வேலையே இல்லை. அன்று வரிசையில்கூட, பெயரைக் கேட்டபோது என் மனைவி அவனைத்தான் இடித்துச் சொல்ல வைத்திருக்கிறாள். நான்கு அடையாளமும் ஒத்துப்போகிற இரண்டு பேர் உலகத்திலேயே இருக்க முடியாது என்று நான் அடித்துச் சொன்னேன். இருவரும் என் வீட்டிலேயே, ஒரே தட்டில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை கோயில் வளாகத்தில் பஸ் வந்து நின்றது. பெரியவர்கள் மாற்றுத்துணிப் பையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், ஸ்கூல் ஆண்டு விழாவுக்குப் போகிறவர்போல் வந்திருந்தார். நான் பஸ்ஸுக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கேம்ப் மேனேஜரிடம், இந்த முகாம் மொத்தமும் ஒரே ஃபைலில் அடக்கம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் “அப்படிங்களா, அப்படிங்களா” என்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் காட்டிய அந்த நேரத்தில், பஸ்ஸுக்கு இந்தப் பக்கம் அந்த நர்சிங் பெண் அப்பாவின் பெயரைத் திரையில் தேடியிருக்கிறாள். வயது பதினொன்று. ஆபரேஷன் இல்லை. கண்ணாடி மட்டும்.

“ஐயா, உங்களுக்கு ஆபரேஷன் இல்லீங்களே. கண்ணாடிதான் போட்டிருக்கு” என்றிருக்கிறாள்.

அப்பா, “சிஸ்டம் அப்படியாம்மா சொல்லுது?” என்று கேட்டிருக்கிறார்.

“ஆமாங்கய்யா.”

“அப்ப சரி” என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லோரும் ஏறிய பிறகு அப்பாவைத் தேடினேன். காணோம். அந்தப் பெண் விஷயத்தைச் சொல்லித் திரையைக் காட்டினாள். பதினொன்று என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

“இது தப்பும்மா. அப்பாவை ஏத்திக்கணும்” என்றேன்.

அவள் தயங்கினாள். “சார், நீங்களே வந்து சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவள் கிண்டல் செய்யவில்லை. அதுதான் கொடுமை. பிரசங்கத்தை அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். சரி, புதிதாகப் பதிந்துவிடுவோம் என்று கீபோர்டில் கை வைத்தேன். கை நின்றுவிட்டது. அப்பாவைச் சேர்த்தால் மகன் போய்விடுவான். நான் எழுதிய சட்டப்படி என் வீட்டில் ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் கண் தெரியலாம்.

கேம்ப் மேனேஜர் எட்டிப் பார்த்தார். “சார், ஆளைக் கூட்டிட்டு வாங்க. அங்க மறுபடி செக் பண்ணிக்கலாம். ஆனா சீக்கிரம். வழியில உடையார்பாளையத்துல வேற ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க.” பேண்ட் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து அப்பாவின் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். என் முகாமின் மொத்த டேட்டாபேஸும் அந்த நிமிடத்தில் அவர் உள்ளங்கையில் இருந்தது.

அப்பா டீக்கடையில்தான் இருந்தார். ஒரு கையில் டீ, ஒரு கையில் மெதுவடை. நான் அவர் நொந்துபோய் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்து ஓடியிருந்தேன். முகத்தில் அப்படியொரு நிம்மதி. தூக்குத் தண்டனை ரத்தானவர்கூட அவ்வளவு ருசித்து வடை தின்ன மாட்டார். சுற்றிலும் அவருடைய கூட்டாளிகள் நான்கைந்து பேர்.

“அப்பா, வாங்க. பஸ் நிக்குது.”

“எனக்கு ஆபரேஷன் இல்லயாம்டா. கண்ணாடி போட்டாப் போதுமாம். உன் மெஷினே சொல்லிருச்சு.”

“அது தப்பாச் சொல்லியிருக்குப்பா.”

“அது எப்படித் தப்பாச் சொல்லும்? ஒரே ஃபைலுல்ல?” கூட்டாளிகளைப் பார்த்தார். அவர்களும் அதெப்படித் தப்பாகும் என்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். ஒரு வாரமாக அவர் அவர்களைத் தயார் செய்து வைத்திருந்தார்.

அவருக்கு உண்மை தெரியும் என்றுதான் நினைக்கிறேன். பால் ஊற்றிய கண்ணுக்குக் கண்ணாடி போதாது என்று தெரியாதவரில்லை. பயம். ஆபரேஷன் மேஜையில் படுக்க வேண்டுமே என்ற பயம். ஒளிந்துகொள்ள நல்ல இடம் தேடிக்கொண்டிருந்தவருக்கு நானே ஓர் இடம் கட்டிக் கொடுத்திருந்தேன். இன்று பஸ் போய்விட்டால் இனி அவர் சம்மதிக்க மாட்டார். அடுத்த முகாம் எப்போது என்று தெரியாது. அதுவரை அந்தக் கண் காத்திருக்காது. அவரை அங்கிருந்து கிளப்ப ஒரே வழிதான் இருந்தது. அந்தக் கடையில், அத்தனை பேர் முன்னால், அவருடைய மகன் ஒரு முட்டாள் என்று நான் நிரூபிக்க வேண்டும்.

ஆரம்பித்தேன். தாத்தாவும் பேரனும் ஒரே பெயர், ஒரே இனிஷியல் என்று நான் யோசிக்கவில்லை என்றேன். பேரனைப் பதிந்ததும் தாத்தாவை அழித்துவிட்டது என்றேன். அழிக்கச் சொன்னது நான்தான், அழிக்கும்போது சத்தம் போடாதே என்று சொன்னதும் நான்தான் என்றேன். அந்த எஞ்சின்மேல் தப்பில்லை, அதை எழுதினவன் வேறு எவனோ கெட்டிக்காரன், நான் எழுதின நாலு வரிதான் தப்பு என்றேன். டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

ஒருவர் கேட்டார், “அப்ப நம்மூர்ல பாதிப்பேருக்கு இப்படி ஆயிருக்குமே தம்பி?”

“ஆயிருக்கும்” என்றேன். அது அதுவரை எனக்குத் தோன்றியிருக்கவில்லை. நல்ல வேளை, அன்று மாலை வீடுவீடாக விசாரித்துச் சரிபார்த்ததில் தாத்தா பேரன் இருவரும் வந்து, இருவருக்கும் ஒரே போன் கொடுத்த வீடு எங்களுடையது மட்டும்தான். மற்ற வீடுகளில் ஆளுக்கொரு போன் வைத்திருந்தார்கள்.

“காலேஜுல இதைத்தான் சொல்லிக் குடுக்கிறியா?” என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வடையைத் தட்டில் வைத்துவிட்டு என் குரல் வந்த திசையைப் பார்த்தார். என் முகம் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது.

“அப்பா, என் புரோகிராம் தப்பு. உங்க கண்ணு போயிடும். வாங்கப்பா” என்றேன்.

அவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். “சிரிச்சது போதும். டீயைக் குடிங்க” என்று கூட்டாளிகளைப் பார்த்துச் சொல்லிவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கோயிலுக்கு நடந்தோம்.

வளாகத்தில் பங்குத் தந்தை, பெண்கள், பஸ் ஜன்னல்களில் ஊர்ப் பெரியவர்கள், எல்லோரும் எங்களையே பார்த்தபடி இருந்தார்கள். என்ன ஆச்சு என்று பங்குத் தந்தை கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பள்ளிக்கூடக் குரலில் சொன்னார்.

“ஒண்ணும் இல்ல சாமி. அன்னிக்கு வரிசையில நான்தான் வயசைத் தப்பாச் சொல்லிட்டேன். ஞாபகம் முன்ன மாதிரி இல்ல. பாவம், புள்ள எழுதுனதெல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“இல்ல சாமி, தப்பு என்னோடது” என்றேன். உரக்கவே சொன்னேன். நர்சிங் பெண் பக்கத்திலிருந்தவளிடம், “பாத்தியாடி, அப்பாவை எப்படி விட்டுக் குடுக்காமப் பேசுறாரு” என்றாள். பங்குத் தந்தை என் தோளில் தட்டினார். மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை.

அப்பா படியில் கால் வைக்கத் தடவினார். இடுப்பைத் தாங்கிப் பிடித்தேன். வாழ்நாளில் ஒரு பையனையும் தப்பு விடையோடு வீட்டுக்கு அனுப்பாத வாத்தியார், எனக்காக ஊர் முன்னால் தப்பு விடை சொல்லிவிட்டு, பயத்தில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினார்.